பழைய திங்க்பேட் எக்ஸ்230: எதுக்கு காசு போடலாம், எதை முதல்ல செய்யணும்

தம்பி, நீங்க எழுதினத சுருக்கமா திருப்பிச் சொல்லிடறேன், மத்தவங்களுக்கும் புரியட்டும். மாமா ஆபீஸ்ல கழிச்சுவிட்ட லெனோவோ லேப்டாப், திங்க்பேட் எக்ஸ்230, ஐ5-3320எம் ப்ராசஸர், 4 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. பேட்டரி இருபது நிமிஷம் கூட நிக்கல, ஃபேன் கத்துது, எப்பவாவது ஆன் பண்ணும்போது ஃபேன் எரர்னு காட்டிட்டு தானா ஆஃப் ஆகிடுது, வீட்டு ரௌட்டர்ல 5 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க் கண்ணுக்கே தெரியல. பைத்தான் கத்துக்கணும், யூட்யூப் பாக்கணும், தமிழ்ல டைப் பண்ணணும், ஆறேழு ஆயிரத்துக்கு மேல போட முடியாது. போடலாமா வேண்டாமா, போட்டா எதுக்கு?

போடலாம். ஆனா உடனே ஆன்லைன்ல எஸ்எஸ்டி, அதான் சுத்தற தட்டு இல்லாத வேகமான டிஸ்க், ஆர்டர் பண்ணிடாதீங்க. இந்த மெஷின்ல ஒவ்வொரு வேலையும் இன்னொண்ணோட கோத்துக்கிட்டு இருக்கு, வரிசை மாறிப் போச்சுன்னா அப்புறம் ஒரு சின்ன விஷயத்துக்காக மறுபடி முதல்ல இருந்து வரணும். எக்ஸ்230 வந்தது 2012ல, இன்டெல் மூணாவது தலைமுறை, ஐவி பிரிட்ஜ்னு சொல்வாங்க. ரெண்டு கோர் நாலு த்ரெட். இன்னைக்கு கடையில புதுசா கிடைக்கற மலிவு லேப்டாப் நிறையதுல ரேம் போர்டோட சால்டர் பண்ணி வந்துடுது, இதுல ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணு இருந்தா ரேம், டிஸ்க், வைஃபை கார்டு, கீபோர்டு, பேட்டரி எல்லாத்தையும் மாத்திடலாம், ப்ராசஸர் மட்டும் தான் போர்டோட ஒட்டினது, அதை மறந்துடுங்க. லெனோவோவே ஹார்டுவேர் மெயின்டனன்ஸ் மேனுவல்னு ஒரு பிடிஎஃப் இலவசமா விட்டிருக்காங்க, ஒவ்வொரு ஸ்க்ரூவும் எங்க, என்ன நீளம்னு படத்தோட இருக்கும். யூட்யூப் வீடியோவுக்கு முன்னாடி அதை இறக்கி போன்ல வச்சுக்கோங்க.

முதல் வேலைக்கு காசே வேண்டாம். ஆன் பண்ணி எஃப்1 அடிச்சு பயாஸுக்குள்ள, அதான் விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி ஓடற அடிப்படை மென்பொருளோட செட்டிங் பக்கத்துக்குள்ள, போங்க. நேரா உள்ள விட்டுச்சுன்னா நல்லது. பாஸ்வேர்ட் கேட்டுச்சுன்னாலோ, உள்ள போயும் எதையும் மாத்த விடாம மங்கலா காட்டுச்சுன்னாலோ, சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் போட்டிருக்காங்கன்னு அர்த்தம். ஆபீஸ்ல இருந்து வர்ற மெஷின்ல இது ரொம்ப சகஜம். இந்த இடத்துல தான் நிறைய பேர், டெஸ்க்டாப்ல பாஸ்வேர்ட் அழியற ஞாபகத்துல, உள்ள இருக்கற காசு பேட்டரிய, அதான் நாணயம் மாதிரி வட்டமான குட்டி பேட்டரிய, புடுங்கிடறாங்க. திங்க்பேட்ல சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் தனி சிப்ல உக்காந்திருக்கும், பேட்டரிய எடுத்தா அது அழியாது, அதுக்கு பதிலா தேதி நேரம் போயிடும், அடுத்த தடவை ஆன் பண்ணும்போது 0271னு ஒரு எரர் காட்டி தேதியை சரி பண்ண பயாஸுக்கு வான்னு சொல்லும், பயாஸுக்குள்ள போக பாஸ்வேர்ட் கேக்கும். அதுவரைக்கும் ஓடிட்டு இருந்த மெஷின் அதோட கதவை சாத்திக்கும். அதனால பாஸ்வேர்ட் இருந்துச்சுன்னா வேற எதையும் தொடாம மாமாகிட்ட சொல்லி அவங்க ஆபீஸ் ஐடி ஆள்கிட்ட கேட்டு எடுக்கச் சொல்லுங்க, அவங்களுக்கு அது ஒரு நிமிஷ வேலை. பயாஸுக்குள்ள இருக்கும்போதே செக்யூரிட்டி பகுதியில கம்ப்யூட்ரேஸ்னு ஒண்ணு இருக்கும், திருட்டுப் போன மெஷின கண்டுபிடிக்கற ஏற்பாடு, அது எந்த நிலையில இருக்குன்னும் பாத்துக்கோங்க. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் செகண்ட் ஹேண்ட் வாங்கப் போறவங்களுக்கும் இதான் சொல்றது, ஸ்க்ராட்ச் பாக்கறதுக்கு முன்னாடி எஃப்1 அடிச்சுப் பாருங்க.

அடுத்தது பேட்டரி, இது ஏன் ரெண்டாவதுன்னு சொல்றேன். உங்க பயாஸ் பழசா இருந்தா அப்டேட் பண்ணணும், லெனோவோ அப்டேட் டூல் சார்ஜரும் மாட்டியிருக்கணும் பேட்டரியிலயும் சார்ஜ் இருக்கணும்னு கேக்கும், செத்த பேட்டரிய வச்சுக்கிட்டு அது நகராது. அந்த டூல் விண்டோஸ்ல டபுள் கிளிக் பண்ணினா முடிஞ்சிடும், விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ்னு இலவச சிஸ்டம் போட்டுட்டா அதுக்கப்புறம் சிடி இமேஜ இறக்கி, அதுல இருந்து பூட் பகுதிய மட்டும் பிரிச்சு பென்டிரைவ்ல ஏத்தின்னு ஒரு சுத்து சுத்தணும். முடியாதது இல்ல, ஆனா எதுக்கு. அதனால பேட்டரி, பயாஸ், அதுக்கப்புறம் தான் விண்டோஸ அழிக்கறது.

பேட்டரி வாங்கறதுல இந்த மாடலுக்குன்னே ஒரு தலைவலி இருக்கு. இதுக்கு முந்தின எக்ஸ்220 வரைக்கும் எந்த கம்பெனி பேட்டரி போட்டாலும் வாங்கிக்கும். எக்ஸ்230, டி430 வந்தப்ப உள்ள இருக்கற எம்பெடட் கன்ட்ரோலர், அதான் பவர், கீபோர்டு, ஃபேன் எல்லாத்தையும் பாத்துக்கற குட்டி சிப்பு, பேட்டரிகிட்ட நீ ஒரிஜினலான்னு கேட்டு உறுதி பண்ணிக்கற ஏற்பாட்ட சேத்துட்டாங்க. பதில் சரியா வரலன்னா பேட்டரி சப்போர்ட் இல்ல, சார்ஜ் ஆகாதுன்னு ஸ்க்ரீன்ல எழுதிடும். டூப்ளிகேட் பேட்டரிக்காரங்களும் சும்மா இருக்கல, அந்த கேள்விக்கு பதில் சொல்ற சிப்போட செஞ்சு விக்கறாங்க, ஆனா எல்லாரும் இல்ல. அதனால கடையில எக்ஸ்230ல மாட்டி சார்ஜ் ஏறுறத கண்ணால பாத்துட்டு வாங்குங்க, இல்ல ஆன்லைன்னா திருப்பிக் குடுக்க வழி இருக்கற இடத்துல வாங்குங்க. எக்ஸ்220 பேட்டரி குறைஞ்ச விலைக்கு கிடைக்குதுன்னு யாராவது சொன்னா வேண்டாம். 44ன்னு போட்டது நாலு செல், 44+ ஆறு செல் 63 வாட் ஹவர், 44++ ஒன்பது செல் 94 வாட் ஹவர், பின்னாடி துருத்திக்கிட்டு நிக்கும். ஆறு செல் போதும். பழைய ஸ்டாக் ஒரிஜினல்னு சீல் பிரிக்காம விக்கறத நம்பி நிறைய காசு குடுக்காதீங்க, லித்தியம் செல் உபயோகிக்காம பெட்டியில கிடந்தாலும் வயசாகும். வாங்கினதும் விண்டோஸ்ல பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, வடிவமைச்ச கொள்ளளவு எவ்வளவு, இப்ப முழுசா ஏறுறது எவ்வளவுன்னு ரெண்டு எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்க. அது பொய் சொல்ற டூப்ளிகேட்டும் உண்டு, ரெண்டு தடவை முழுசா இறக்கி ஏத்தினா குட்டு வெளிப்பட்டுடும்.

சார்ஜர் 20 வோல்ட், வட்ட முனை, நடுவுல மெல்லிசா ஒரு ஊசி இருக்கும், 65 வாட் போதும். 2013க்கு அப்புறம் வந்த செவ்வக மஞ்சள் முனை இதுல நேரா சேராது.

பயாஸ் அப்டேட் பண்றதுக்கு முன்னாடி ஒரு முடிவு எடுக்கணும், அது வைஃபையோட சம்பந்தப்பட்டது. உங்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியலன்னா உள்ள இருக்கறது பெரும்பாலும் இன்டெல் சென்ட்ரினோ 2200, அதுக்கு 2.4 மட்டும் தான் தெரியும். ரௌட்டர திட்டாதீங்க. சரி புது வைஃபை கார்டு ஒண்ணு வாங்கி மாட்டிடலாம்னு போனா லெனோவோ அங்கயும் பூட்டு போட்டிருக்கு, பயாஸ்ல அனுமதிச்ச கார்டுகளோட பட்டியல் ஒண்ணு இருக்கு, பட்டியல்ல இல்லாதத மாட்டினா 1802 எரர் காட்டி பூட் ஆகாம நின்னுடும். இந்தப் பூட்ட உடைக்க 1வைரெயின்னு ஒரு மென்பொருள் வழி இருக்கு, ஐவி பிரிட்ஜ் திங்க்பேடுக்குன்னே ஆர்வலர்கள் செஞ்சது, பென்டிரைவ்ல இருந்து பூட் பண்ணி பயாஸ மாத்தி எழுதிடும். ஆனா அது பழைய பயாஸ் பதிப்புல இருந்த ஒரு ஓட்டைய வச்சு தான் உள்ள போகும், பிந்தைய அப்டேட்ல லெனோவோ அத அடைச்சிட்டாங்க, அப்டேட் பண்ணிட்டீங்கன்னா முதல்ல பழைய பதிப்புக்கு இறக்கிட்டு அப்புறம் தான் அத செய்யணும். இதுக்கும் மேல போறவங்க கோர்பூட்னு முழு பயாஸையே தூக்கிட்டு வேற போடறாங்க, எக்ஸ்230 அதுக்கு ரொம்ப பேர் போன மெஷின், போர்டுல 8 எம்பி ஒண்ணும் 4 எம்பி ஒண்ணுமா ரெண்டு ஃப்ளாஷ் சிப் இருக்கும், கிளிப் மாட்டி வெளிய இருந்து எழுதுவாங்க.

உங்களுக்கு இதெல்லாம் வேண்டாம்னு தான் நான் சொல்வேன். பூட்டுக்குள்ளயே ஒரு நல்ல வழி இருக்கு: இன்டெல் 6205, லெனோவோ பார்ட் நம்பர் ஒட்டினது. அது அனுமதிப் பட்டியல்ல இருக்கு, 2.4, 5 ரெண்டும் பிடிக்கும், பழைய லேப்டாப் பார்ட்ஸ் கடையில ரொம்ப கம்மி காசுக்கு கிடைக்கும். பொதுவா விக்கற லேபிள் இல்லாத 6205 எடுத்தா அதையும் பயாஸ் ஒதுக்கலாம், லெனோவோ நம்பர் இருக்கான்னு பாத்து வாங்குங்க. அரை நீள மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு, கீபோர்டும் பாம்ரெஸ்டும் எடுத்தா தெரியும். ஆன்டெனா வயர் நுனியில இருக்கற பித்தளை மூடிய நேரா மேல தூக்கி எடுக்கணும், பக்கவாட்டுல இழுத்தா கார்டுல இருக்கற காது பேந்து வந்துடும். எந்த வயர் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு கழட்டறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ. இன்னொண்ணு, மெஷின் பக்கவாட்டுல வைஃபைக்குன்னே குட்டியா ஒரு தள்ளு ஸ்விட்ச் உண்டு. அது ஆஃப்ல இருக்கறது தெரியாம கார்டு போச்சுன்னு சர்வீஸுக்கு எடுத்துட்டுப் போனவங்க நிறைய பேர்.

ஆக, பயாஸ நோண்டற ஆசை இல்லன்னா கடைசி பதிப்புக்கு அப்டேட் பண்ணிடுங்க. ஆசை இருந்தா அப்டேட் பண்ணாம அப்படியே விட்டு வைங்க.

இப்ப ஃபேன். உங்க பட்டியல்ல அவசரமானது உண்மையில இது தான், எஸ்எஸ்டி இல்ல. ஃபேன் எரர் சும்மா மிரட்டறதுக்கு வர்றது இல்ல. ஆன் ஆகும்போது எம்பெடட் கன்ட்ரோலர் ஃபேன சுத்தச் சொல்லிட்டு சுத்துதான்னு பாக்கும், சுத்தலன்னா ப்ராசஸர் வெந்து போகக் கூடாதுன்னு மெஷினையே நிறுத்திடும். எப்பவாவது வருதுன்னா பேரிங் காஞ்சு போய் சில நேரம் கிளம்புது சில நேரம் கிளம்பல. தூசியும் காரணமா இருக்கும், ஆனா எரர் வர ஆரம்பிச்ச ஃபேன துடைச்சு மாட்டினா கொஞ்ச நாள் ஓடும், மறுபடி வரும். பேரிங்ல எண்ணெய் விடுன்னு சொல்வாங்க, அதுவும் அதே கதை தான். ஃபேனும், சூட்ட வெளிய கடத்தற ஹீட் சிங்கும் ஒரே செட்டா வரும், செட்டாவே வாங்கி மாத்திடுங்க.

எக்ஸ்230ல ஃபேன் மாத்தறது சின்ன வேலை இல்லன்னு முன்கூட்டியே சொல்லிடறேன். ரேம், டிஸ்க் எல்லாம் அஞ்சு நிமிஷம், ஃபேன தொடறதுக்குள்ள பாதி மெஷின் டேபிள்ல பிரிஞ்சு கிடக்கும். மேனுவல வரிசையா பாத்து செய்ங்க. ஏ4 பேப்பர்ல மெஷின் அடிப்பக்கத்த வரைஞ்சு, எந்த ஓட்டையில இருந்து வந்த ஸ்க்ரூவோ அந்த இடத்துல செல்லோ டேப்ல ஒட்டி வச்சிடுங்க, நீளமான ஸ்க்ரூவ குட்டை ஸ்க்ரூ இடத்துல முறுக்கினா போர்டையோ மேல் மூடியையோ குத்திடும். கீபோர்டுக்கான ஸ்க்ரூ எதுன்னு அடிப்பக்கத்துலயே பக்கத்துல குட்டி கீபோர்டு படம் போட்டிருக்கும். அத எடுத்துட்டு கீபோர்ட ஸ்க்ரீன் பக்கமா கொஞ்சம் தள்ளினா முன் ஓரம் தூக்கிக்கும், வந்துடுச்சேன்னு வெடுக்குன்னு இழுக்காதீங்க, கீழ ரிப்பன் கனெக்டர் இருக்கு.

ஹீட் சிங்க் எடுத்தா ப்ராசஸர் மேல மூடி எதுவும் இருக்காது, கண்ணாடி மாதிரி பளபளன்னு சிலிக்கான் அப்படியே தெரியும். ரெண்டுக்கும் நடுவுல சூடு கடத்தற, காஞ்சு சுண்ணாம்பா போன பழைய பேஸ்ட ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால துடைச்சு எடுங்க, கத்தி ஸ்க்ரூ டிரைவர் எதையும் வச்சு சுரண்டக் கூடாது, ஓரம் கொஞ்சம் சிதைஞ்சாலும் ப்ராசஸர் போச்சு. புது பேஸ்ட் எம்எக்ஸ்-4 மாதிரி ஏதாவது நல்லதா, மெல்லிசா முழு பரப்புக்கும். ஸ்க்ரூவ ஒரு மூலைய முழுசா இறுக்கிட்டு அடுத்ததுக்கு போகாம, எதிர் எதிர் மூலையா கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. புது ஃபேன் வாங்காம பழசையே சுத்தம் பண்றதா இருந்தா புளோயர் அடிக்கும்போது இறக்கைய விரலால பிடிச்சுக்கோங்க. இந்த வேலைக்கு கை நடுங்குதுன்னா கடையில குடுங்க, தப்பில்ல, ஆனா பேஸ்ட நீங்களே வாங்கிட்டுப் போய் பக்கத்துல உக்காந்து போடச் சொல்லுங்க.

பிரிச்சு வச்சிருக்கற அதே நேரத்துல வைஃபை கார்டு, காசு பேட்டரி ரெண்டையும் மாத்திடுங்க. காசு பேட்டரி சாதா சிஆர்2032 தான், ஆனா வயரும் கனெக்டரும் வச்சு சுத்தினதா வாங்கணும். பாஸ்வேர்ட் இல்லன்னு உறுதியானதுக்கு அப்புறம் தான் இது, மேல சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.

ரேம் விஷயத்துக்கு வருவோம். ரெண்டு ஸ்லாட், அடி மூடிய கழட்டினா ரெண்டும் அங்கயே இருக்கும், டிடிஆர்3 லேப்டாப் ரேம், 1600 வேகம், 204 பின். அதிகபட்சம் 16 ஜிபி. உங்க வேலைக்கு 8 போதும், இருக்கற 4 ஜிபியோட இன்னொரு 4 ஜிபி. ரெண்டு ஸ்லாட்டும் நிறையறதுல கொள்ளளவு தாண்டி இன்னொரு லாபம், இதுல இருக்கற எச்டி 4000 கிராஃபிக்ஸுக்கு தனி மெமரி கிடையாது, சிஸ்டம் ரேமையே பங்கு போட்டுக்கும், ரெண்டு ஸ்டிக் போட்டா ரெண்டு வழியில டேட்டா ஓடும், ஸ்க்ரீன் ஸ்க்ரோல் பண்றதுலயே வித்தியாசம் தெரியும். 16க்கு போறதா இருந்தா இந்த இடத்தை கவனமா படிங்க: டிடிஆர்3 8 ஜிபி ஸ்டிக் ரெண்டு விதமா இருக்கு. ரெண்டு பக்கமும் சேத்து பதினாறு சிப் வச்சது ஒண்ணு, லேபிள்ல 2ஆர்எக்ஸ்8னு இருக்கும். எட்டே சிப்ல 8 ஜிபிய அடக்கினது இன்னொண்ணு, பிந்தைய மெஷினுக்கு வந்தது, 1ஆர்எக்ஸ்8. ஐவி பிரிட்ஜ் மெமரி கன்ட்ரோலருக்கு அவ்வளவு அடர்த்தியான சிப்ப படிக்கத் தெரியாது, ரெண்டாவது வகைய மாட்டினா மெஷின் பூட்டே ஆகாது, நீங்க ரேம் டெட்டுன்னு திருப்பி அனுப்புவீங்க, அவங்க அவங்க மெஷின்ல போட்டு ஓடுதேன்னு திருப்பி உங்களுக்கே அனுப்புவாங்க. சிப்ப எண்ணிப் பாத்து வாங்கினா இந்த கூத்து இல்ல. எதுவா இருந்தாலும் மாட்டினதும் மெம்டெஸ்ட்னு ரேம சோதிக்கற மென்பொருள ஒரு ராத்திரி ஓட விடுங்க, செகண்ட் ஹேண்ட் ரேம்னா கண்டிப்பா.

டிஸ்க் இருக்கறதுலயே சுலபம், பலன் இருக்கறதுலயே அதிகம். 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி, 240 அல்லது 256 ஜிபி, பேர் தெரிஞ்ச கம்பெனியோடது. தடிமன் 7 மிமீ தான் இதுல நுழையும். அடிப்பக்கம் ஒரு ஸ்க்ரூ, ஓர மூடி நகரும், டேப்ப பிடிச்சு இழுத்தா பழைய டிஸ்க் வெளிய. அதோட ரெண்டு ஓரத்துலயும் இருக்கற ரப்பர் பட்டைய புது எஸ்எஸ்டிக்கு மாத்துங்க, இல்லன்னா உள்ள ஆட்டம் குடுக்கும். கீபோர்டுக்கு கீழ சிம் கார்டு மோடத்துக்குன்னு ஒரு ஸ்லாட் இருக்கு, அதுல எம்சாட்டா எஸ்எஸ்டியும் போடலாம், ஆனா அந்த ஸ்லாட் 3 ஜிகாபிட் வேகம் தான், டிஸ்க் உக்கார்ற முக்கிய இடம் 6 ஜிகாபிட். ஒரே ஒரு எஸ்எஸ்டி தான் வாங்கப் போறீங்கன்னா 2.5 இன்ச்சே எடுங்க. எம்சாட்டாவும் எம்.2வும் வேற வேற, கடைக்காரர் ரெண்டும் ஒண்ணு தான்னு நீட்டினா வாங்கிட்டு வந்துடாதீங்க.

விண்டோஸா லினக்ஸா? விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓட சாதாரண ஆதரவ நிறுத்திட்டாங்க. விண்டோஸ் 11க்கு எட்டாவது தலைமுறை இன்டெல், டிபிஎம்ங்கற பாதுகாப்பு சிப் 2.0 பதிப்பு வேணும், உங்களுது மூணாவது தலைமுறை, டிபிஎம் 1.2. செக்கிங்க ஏமாத்தி ஏத்தற வழி இருக்கு, ஓடவும் ஓடும், ஆனா நாளைக்கு பெரிய அப்டேட் வரும்போது எது நிக்கும் எது நிக்காதுன்னு உத்தரவாதம் இல்லாம ஒரு மெஷின படிப்புக்கு நம்பி வச்சுக்கறது எனக்கு சரியா படல. டாலி ஓட்டணும், டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் வச்சு ரிட்டர்ன் போடணும்னா வேற பேச்சு, உங்களுக்கு அது இல்ல. லினக்ஸ் மின்ட் 22 எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போடுங்க, 2029 வரைக்கும் அப்டேட் வரும். திங்க்பேடுல லினக்ஸ் டிரைவர் பிரச்சனை அநேகமா கிடையாது, வைஃபை, சவுண்ட், பிரைட்னஸ் பட்டன், நடுவுல இருக்கற சிவப்பு குமிழ் எல்லாம் போட்ட உடனே வேலை செய்யும். பைத்தானும் அதுலயே இருக்கு. பயாஸ்ல சாட்டா மோட் ஏஎச்சிஐ, பூட் யூஇஎஃப்ஐ மட்டும்னு வச்சுட்டு, எஃப்12 அடிச்சு பென்டிரைவ் எடுத்தா நேரா போகும்.

போட்டதுக்கு அப்புறம் ரெண்டு விஷயம் மட்டும் சரி பண்ணுங்க, இன்டர்நெட்ல லினக்ஸ் ஸ்பீடாக்க ஐம்பது டிப்ஸ்னு வர்றதெல்லாம் விட்டுடுங்க. ஒண்ணு டிஎல்பின்னு ஒரு பேக்கேஜ், அதுல பேட்டரி 75க்கு கீழ போனா சார்ஜ் ஆரம்பி, 80ல நிறுத்துன்னு எழுதி வைக்கலாம், திங்க்பேடுல இது ஹார்டுவேர் அளவுலயே நிக்கும். எப்பவும் சார்ஜர்லயே கிடக்கற மெஷினுக்கு பேட்டரி ஆயுசு இதுல தான் இருக்கு. மழைக்காலம், கரண்ட் கட் நாள்னா 100க்கு ஏத்திக்கோங்க.

இன்னொண்ணு யூட்யூப். புது எஸ்எஸ்டி, 8 ஜிபி எல்லாம் போட்டும் வீடியோ ஓடும்போது ஃபேன் கத்தினா பேஸ்ட் மேல சந்தேகப்படாதீங்க. யூட்யூப் அனுப்பற வீடியோ சுருக்க வகைகள்ல எச்.264 மட்டும் தான் எச்டி 4000க்கு ஹார்டுவேர்ல பிரிக்கத் தெரியும். யூட்யூப் இப்ப அனுப்பறது பெரும்பாலும் விபி9, ஏவி1, ரெண்டும் இந்த சிப் வெளிவந்தப்போ புழக்கத்துலயே இல்ல, அதனால முழு பாரமும் ப்ராசஸர் தலையில விழுது. எச்264ஃபைன்னு ஒரு பிரவுசர் எக்ஸ்டென்ஷன் இருக்கு, அது யூட்யூப்கிட்ட எனக்கு எச்.264 மட்டும் குடுன்னு கேக்கும். 1080 வரைக்கும் தான் கிடைக்கும், உங்க ஸ்க்ரீனே 1366க்கு 768, அதுல 4கே வச்சு என்ன பண்ணப் போறீங்க.

ஸ்க்ரீன் பத்தி நீங்க கேக்கல, ஆனா இந்த மெஷின்ல உண்மையான குறை அது தான். பேனல் டிஎன், ஐபிஎஸ்னு ரெண்டு விதமா வந்துச்சு, எந்தப் பக்கத்துல இருந்து பாத்தாலும் கலர் அதிகம் மாறாதது ஐபிஎஸ். மூடிய சாச்சு கீழ இருந்து பாத்தா கலர் தலைகீழா மாறி கருப்படிச்சா டிஎன். ஸ்க்ரீன சுத்தி இருக்கற பெசல் சட்டத்த கீழ்ப்பக்கம் கழட்டினா பேனல் பின்னாடி நம்பர் இருக்கும், எல்ஜி பேனல்ல கோட்டுக்கு அப்புறம் வர்ற பகுதி எஸ்எல்னு ஆரம்பிச்சா ஐபிஎஸ், டிஎல்னு ஆரம்பிச்சா டிஎன். காசு மிஞ்சினா, மிஞ்சினா மட்டும், ஐபிஎஸ் ஒண்ணு தேடுங்க, எக்ஸ்220ல வந்த ஐபிஎஸ்ஸும் இதுல உக்காரும். எக்ஸ்240 பேனல் உக்காராது, அது ஈடிபி கனெக்டர், இது எல்விடிஎஸ். ஃபுல் எச்டி போட ஒரு அடாப்டர் போர்டு விக்கறாங்க, போர்டுல சால்டர் பண்ணணும், அந்த காசுக்கு ஒரு பழைய 22 இன்ச் மானிட்டர் வாங்கி விஜிஏலயோ மினி டிஸ்ப்ளேபோர்ட்லயோ மாட்டிக்கிட்டா கழுத்துக்கும் நல்லது.

தமிழ் டைப்பிங்குக்கு மின்ட்ல இன்புட் மெத்தட்னு ஒரு செட்டிங் இருக்கு, அதுல ஐபஸ்ஸும் எம்17என் பேக்கேஜும் போட்டுட்டு லாக் அவுட் பண்ணி உள்ள வந்தா தமிழ்99, ஃபொனெடிக், டைப்ரைட்டர், இன்ஸ்கிரிப்ட் எல்லாம் பட்டியல்ல இருக்கும், இலங்கைக்காரங்களுக்கு ரெங்கநாதன் லேஅவுட்டும் இருக்கு. அம்மா அப்பான்னு இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுப் பழகினவங்களுக்கு ஃபொனெடிக் போதும். நிறைய எழுதப் போறீங்கன்னா தமிழ்99 கத்துக்கோங்க, உயிர் இடது கை, மெய் வலது கை, ஒரே எழுத்த ரெண்டு தடவை அடிச்சா முதல் எழுத்துக்கு புள்ளி தானா விழுந்துடும். கீபோர்டுல ஸ்டிக்கர் ஒட்டாதீங்க, வெயில்ல பசை இளகி கீக்கு கீழ இறங்கும், அந்த அருமையான கீபோர்ட கெடுத்துடும். லேஅவுட் படத்த பிரிண்ட் எடுத்து செவுத்துல ஒட்டுங்க.